புகைபோக்கியில் ஒரு பச்சைக் கீறல்

"நோவான்னு சொன்னீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"சொன்னேன்மா. தமாஷுக்குத்தான்."

"எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொல்லுங்க."

"'நோவா பாத்த வெள்ளம் சார் இது, பேழைதான் இல்லை'ன்னேன். கம்பெனி போன்ல இருந்த பையன் சிரிச்சான்கூட."

"சிரிச்சிருப்பான், மிஸ்டர் ஹார்லன். டேப்பும் ஓடிட்டு இருந்திருக்கும்."

என் கணவர் ஹார்லன் டிரெய்லர் வீட்டின் படியில் உட்கார்ந்திருந்தார். எதிரே, கவிழ்த்துப் போட்ட இறால் கூடையின் மேல் உட்கார்ந்திருந்தவள் இவெலீஸ் ரொசாடோ. டாம்பா நகரத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு எங்களுக்காக வந்திருந்தாள். புயலுக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புகிற மதிப்பீட்டாளர்கள் கம்பெனிக்காக வருகிறவர்கள். இவள் நாங்களாக அமர்த்திக்கொண்டவள். எங்கள் பக்கத்திலிருந்து சேதத்தை அளந்து, எங்கள் பக்கத்திலிருந்து வாதாடுவது அவள் தொழில்.

"எங்க கிராக்கிங்க எல்லாரும் இப்படித்தான்" என்றாள். "பிறந்ததுலேருந்து கடல் ஏறி வந்தா வெள்ளம்னு சொல்லிப் பழகிட்டீங்க. கம்பெனிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். உங்க பாலிசியில காத்துக்கு மட்டும்தான் பணம். வெள்ளத்துக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது."

"எங்க ஊர்ல வேற என்னன்னு சொல்லுவாங்க?" என்றார் ஹார்லன். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பூஞ்சை பிடித்த வீட்டுக்குள் இனிமேல் காலே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் படுத்துத் தூங்குகிற டிரெய்லரிலும் பூஞ்சை வந்துவிட்டதை நான் இன்னும் டாக்டரிடம் சொல்லவில்லை.

அவர் மூச்சு அடங்கும் வரை இவெலீஸ் காத்திருந்தாள். பிறகு தன் கூலியைச் சொன்னாள். வருவதில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றும் வராவிட்டால் அவளுக்கும் ஒன்றுமில்லை.

"சர்ச்சுல கர்த்தருக்கும் அதே ரேட்டுதான்" என்றார் ஹார்லன். "அவரு இதுவரைக்கும் ஏணி எடுத்துக்கிட்டு வரல."

அவள் சிரித்துவிட்டு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நான் பின்னால் போனேன்.

வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். முன்சுவரில், ஊரில் எல்லோரும் செய்தது போல, வீட்டு எண்ணையும் பாலிசி எண்ணையும் ஹார்லன் ஸ்ப்ரே பெயின்டால் எழுதியிருந்தார். அதன் கீழே, "தட்ட வேண்டாம், கதவு இல்லை" என்றும். கடல் பக்கத்துச் சுவர் உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. உப்பும் நாறும் சேறும் இடுப்பளவுக்கு ஒரு கோடு போட்டிருந்தன. தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய். காற்று வரும்போதெல்லாம் அது உப்பித் தாழ்ந்தது. வீடு மூச்சுவிடுகிறது என்று முதல் வாரம் எனக்குத் தோன்றியது. இப்போது தார்ப்பாய் என்று மட்டும்தான் தோன்றுகிறது.

பணம் தர மறுத்துக் கம்பெனி அனுப்பிய கடிதத்தின் வாதம் எளிமையானது: கடல் வந்தது, சுவரைத் தள்ளியது, சுவர் சாய்ந்ததால் கூரை விழுந்தது. ஆகவே எல்லாம் வெள்ளம். கடைசியில் நோவாவையும் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

படுக்கையறையில் இவெலீஸ் ஏணி மேல் ஏறி, மிச்சமிருந்த கூரைப் பலகையின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"விழுந்த கூரை எங்கே, மிஸ் நடீன்?"

"தெரியலை. நாங்க அப்ப கடலுக்குத் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்து முகாம்ல இருந்தோம். திரும்பி வந்தப்ப இல்லை."

"துண்டுகூடவா இல்லை? விழுந்திருந்தா இங்கதானே கிடக்கணும்?"

"பச்சைத் தகரம். அந்தக் கலர் வேண்டாம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். படகுக்கு வாங்கின பெயின்ட்ல மிச்சம்னு அவரே ஏறிப் பூசினாரு."

அவள் வெளியே வந்து முற்றத்தில் நின்று மெதுவாக ஒரு சுற்று திரும்பினாள். வேலிக்கு அப்பால் டெல்மர் சாப்பின் செங்கல் வீடு கண்ணில் பட்டதும் நின்றுவிட்டாள். அவன் வீட்டுப் புகைபோக்கியின் மேல்பாதி உடைந்து, அதன் கீழே வரவேற்பறைச் சுவர் திறந்து கிடந்தது. அது முதல் நாளிலிருந்தே நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான். உடைந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, செங்கல்லில் குறுக்காக, கை நீளத்துக்கு ஒரு பச்சைக் கீறல் இருந்ததை மட்டும் நான் பார்த்திருக்கவில்லை.

இவெலீஸ் போனை எடுத்துப் பெரிதாக்கிப் படம் பிடித்தாள். இன்னொன்று. இன்னும் ஒன்று.

"தண்ணிக் கோடு இடுப்புல நிக்குது. அந்தக் கீறல் ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல. மிதந்து போன தகரம் அங்க உரசாது. சுவர் சாஞ்சு விழுந்த கூரை வேலி தாண்டிப் போகாது. காத்து முதல்ல பிச்சிருக்கு, மிஸ் நடீன். மழை உள்ள இறங்கியிருக்கு. கடல் அப்புறமா வந்து, ஏற்கெனவே செத்த வீட்டைத்தான் தள்ளியிருக்கு." அவள் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. "இது ஒண்ணு போதும். பைலை மறுபடி திறக்க வெச்சுடுவேன்."

ஹார்லன் படியிலிருந்தே, "அந்தக் கலர் வேண்டாம்னு சொன்னியே!" என்று கத்தினார்.

"அந்த வீட்டுக்காரருக்கு எந்தக் கம்பெனி?" என்று இவெலீஸ் கேட்டாள்.

"டெல்மரா? எங்க கம்பெனிதான். ஆனா அவனுக்கு வெள்ள பாலிசி மட்டும்தான். கூரை பழசுன்னு காத்து பாலிசியைப் போன வருஷம் நிறுத்திட்டாங்க."

அவள் போனைத் தாழ்த்தினாள்.

"அவருக்குப் பணம் வந்துடுச்சா?"

"ஒத்துக்கிட்டாங்களாம். செக் இன்னும் வரலை."

அவள் குரலை இறக்கி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு பைலும் ஒரே இடத்தில் இருக்கும். எங்களிடம் எல்லாம் தண்ணீர் என்கிறவர்கள், இந்தப் படத்தைப் பார்த்தால் அவனிடம் எல்லாம் காற்று என்பார்கள். என் கூரை காற்றில் பறந்துபோய் அவன் புகைபோக்கியை உடைத்தது என்றால், அவன் வீட்டின் பெரிய சேதம் காற்றால் வந்தது. காற்றுக்கு அவனிடம் பாலிசி இல்லை. தண்ணீர்தான் உடைத்தது என்று அவன் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருப்பான். அது பொய்ச் சத்தியம் என்று அதையும் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"அப்ப எனக்குக் காத்து வேணும், அவனுக்குத் தண்ணி வேணும்" என்றேன்.

"ஆமா."

"ஒரே புயல்தானே அடிச்சுது?"

"வீட்டுக்காரங்க நீங்க. நீங்க சொன்னாத்தான் படம் போகும். ஆனா இது இல்லாம என் கையில ஒண்ணுமே இல்லை. நான் பொய் எழுதித் தர்ற ஆள் கிடையாது. அப்படிப்பட்டவங்க வேணும்னா நெடுஞ்சாலை ஓரத்துல பலகை வெச்சிருக்காங்க."

ஹார்லன் எழுந்து வந்திருந்தார். "அனுப்புங்க" என்றார்.

"இருங்க" என்றேன்.

"எதுக்கு இருக்கணும்? காத்து அடிச்சுது, அது நிஜம். நான் என்ன இல்லாததையா சொல்லச் சொல்றேன்?"

"உங்க மெஷின் யார் கரென்ட்டுல ஓடுது?"

எங்கள் மீட்டர் பெட்டியைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து, டெல்மர் வீட்டிலிருந்து ஆரஞ்சு வயர் ஒன்று வேலியைத் தாண்டி எங்கள் டிரெய்லருக்கு வருகிறது. இரவெல்லாம் ஹார்லனுக்கு மூச்சு தருகிற இயந்திரம் அதில்தான் ஓடுகிறது. அவன் அதற்குக் கணக்கு கேட்டதில்லை. டிரெய்லர் ஜன்னலில் மனை வாங்குகிறவனின் அட்டைகள் செருகியிருந்தன. பணம் வராவிட்டால் அவனுக்கு விற்றுவிட்டுப் போவதைத் தவிர எங்களுக்கு வழி இல்லை. போவதற்கு ஓர் இடமும் இல்லை.

"அவன்கிட்ட நானே பேசிட்டு வர்றேன்" என்றேன். இவெலீஸ் கார்க் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள்.

டெல்மர் தன் பிக்கப் வண்டியின் பின்பலகையை இறக்கிப் போட்டு மடவை மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"யாரு அந்த அம்மா? என் வீட்டை அப்படிப் படம் எடுத்தா. நான் அவ்வளவு அழகுன்னு எனக்கே தெரியாதே."

"உன்னை எடுத்தா கேமரா வெடிச்சிருக்கும். அவ நாங்க வெச்ச மதிப்பீட்டாளர்."

"ஓ." கத்தி நின்றது. மறுபடி ஓடியது. "புகைபோக்கியையா எடுத்தா?"

"உனக்குத் தெரியுமா, டெல்மர்?"

"உன் கூரை வந்தப்ப நான் குளியல் தொட்டிக்குள்ள படுத்து, மெத்தையை மேல இழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன். ரயில் ஏறிடுச்சுன்னு நெனச்சேன். இந்த ஊருக்கு ஏது ரயில்? அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் முதுகுல ஈரம் பட்டுச்சு." மீனைப் புரட்டினான். "கம்பெனிக்காரன் வந்து கேட்டான். தண்ணி வந்துச்சுன்னேன். எல்லாம் போச்சுன்னேன். ரெண்டும் நிஜம். எது முன்னாடி, எது பின்னாடின்னு அவன் கேக்கலை. எழுதிக்கிட்டு வந்த தாள்ல நான் கையெழுத்துப் போட்டேன்."

"அந்தத் தகரம்?"

"அறுத்துக் குப்பை வண்டியில ஏத்திட்டேன். உனக்கு ஒண்ணும் சொல்லலை." இப்போது என்னைப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன. "அந்தப் பெயின்டையும் சுரண்டிடலாம்னு ஏணி போட்டேன். பாதிக்கு மேல முட்டி ஏறலை. கீழ இறங்கி உக்காந்து அழுதேன், போதுமா? ஹார்லன்கிட்ட சொல்லிடாதே, சாகற வரைக்கும் கிண்டல் பண்ணுவான்."

"அவரு சாகறது அவ்வளவு தூரத்துல இல்லை, டெல்மர்."

அவன் கத்தியைப் பலகையில் வைத்தான். கைகளைக் கால்சட்டையில் துடைத்தான். செதில்கள் அவன் முழங்கைவரை ஒட்டி வெயிலில் மின்னின.

"அந்தச் செக் வரலைன்னா நான் ஜார்ஜியாவுல தங்கச்சி வீட்டு சோபாவுல" என்றான். "அவ புருஷன் என்கிட்ட பேசமாட்டான். சுத்தி வேர்க்கடலை வயலு. கடலே கிடையாது."

"நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்."

"தெரியும். அதான் நீ கேக்கறதுக்கு முன்னாடி நான் கேட்டுக்கறேன்." வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே காருக்குள் இவெலீஸ் போனை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். டிரெய்லர் படியிலிருந்து இருமல் கேட்டது. "அந்தப் படத்தை அனுப்ப வேண்டாம்னு அவகிட்ட சொல்லிடு, நடீன்."