சிவப்புக் கொடி நாளில் போட்ட கையெழுத்து

ஐஸ் ஆலைக்காரியின் வழக்கில் நீதிபதி ஒப்பந்தத்தைப் பிரித்ததும், அது கையெழுத்தான ஆலை அறை அப்படியே நீதிமன்றத்துக்குள் வந்து நின்றது. மேசை, ஜன்னல், வெளியே அடித்த மழை, எதுவும் பாக்கியில்லை. சேவகர் நாற்காலிகளை ஒதுக்கி இடம் விட்டார்.

தினமும் ஐஸ் தருவதாகவும், ஒரு நாள் தவறினாலும் ஆலை மீன் வியாபாரிக்கே என்றும் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். துறைமுகத்தில் புயலுக்கான சிவப்புக் கொடி ஏறினால் படகு போகாது. எல்லா ஆலையும் இயந்திரத்தை நிறுத்தும். ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த ஒரு புயல் நாளில் அவளும் நிறுத்தினாள். வியாபாரி அப்போது வாயே திறக்கவில்லை. அவள் கணவன் இறந்த பிறகு துக்கம் விசாரிக்க வந்தார், ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக. மறுவாரம் வழக்குப் போட்டார். அன்றிலிருந்து ஆலை பூட்டிக் கிடந்தது.

“தினமும்னா தினமும்தான். புயலைப் பத்தி அதுல ஒரு வரி இருக்கா?” என்று கேட்டார் வியாபாரி. நீதிபதியோ எழுத்தைத் தாண்டாதவர் என்று பேர் வாங்கியவர்.

அறையோடு அன்றைய ஆட்களும் வந்திருந்தார்கள். ஒப்பந்தத்துக்குச் சாட்சியாக உட்கார்ந்திருந்த கணவன் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். கையெழுத்துக்கு முன்னால் வாயால் பேசியதெல்லாம் வழக்கில் செல்லாது என்று வியாபாரியின் வக்கீல் குதித்தார். நீதிபதியும் ஒப்புக்கொண்டார்.

“அன்னைக்கு ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரிஞ்சதைப் பார்ப்பேன். பேசினதைக் கேட்க மாட்டேன்.”

அந்த நொடியே அறைக்குள் குரல்கள் நின்றன. கணவனின் உதடு மட்டும் அசைந்தது. அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் குரலைக் கேட்டால் போதும், ஆலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

நீதிபதி இறங்கி அந்த அறைக்குள் போய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். நனைந்து திரும்பினார். கொடி ஏறியிருந்தது, இயந்திரம் ஓடவில்லை, அன்றைய வியாபாரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாத புயல் நாளில்தான் இருவருக்கும் கையெழுத்துப் போட நேரம் கிடைத்திருந்தது. கண்ணெதிரே இருப்பதை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

“மெஷின் நின்னுட்டிருக்கிறதைப் பார்த்துக்கிட்டேதானே கையெழுத்து போட்டீங்க?” என்றார் நீதிபதி. கொடி ஏறிய நாள் ‘தினமும்’ என்பதில் சேராது என்று எழுதினார். ஆலை அவளுக்கே என்று தீர்ப்பானது.

“கேஸ்தான் முடிஞ்சுதே. இப்பவாவது அவர் பேசட்டுமே, ஐயா” என்றாள் அவள்.

நீதிபதி பேனாவை மூடிவைத்தார். பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தானும் போனார். கணவனுக்குக் குரல் வந்தது.

“மழை விட்டதும் மெஷினைப் போட்டுடு. ரொம்ப நாள் நின்னா துருப்பிடிச்சிடும்.”

மழை விட்டதா என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துத் தலை நனைந்து வெளியே வந்தவள், சுள்ளென்ற வெயிலில் ஆலைச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். சேவகர் ஈரத்தைத் துடைத்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.