ஒன்பதாம் நம்பர் பூட்டு

கை சில்லிட்டுப் போனால் சைகை தடுமாறும். அதனால் அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அப்பா. அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அம்மாவுக்கும் அப்படித்தான். அந்த வீட்டில் சத்தம் கேட்கும் ஒரே ஆள் அவள். ஐந்து வயதிலிருந்து அவர்களுக்கு வாயும் காதும் அவள்தான். பால்காரரிடமும் வங்கியிலும் பேசிப் பழகியவள். ஆனால் ஒரு விசாரணையில் பேசுவது இதுவே முதல் தடவை.

எதிரே மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் இந்தச் சலவை ஆலையின் மேலாளர். மற்றவர் அரசாங்கத்திலிருந்து வந்திருந்த தொழிலாளர் அதிகாரி, நரைத்த தலையும் தடித்த பேனாவுமாக ஒரு பெண். அவர்களுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் சலவைக் கூடம். மருத்துவமனைகளிலிருந்து வரும் விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் இடம். கண்ணாடியை ஒட்டியே மடிப்பு மேசை நீளமாகப் போயிற்று. அதில் வரிசையாகப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பத்துப் பேருக்கும் காது கேட்காது. அப்பாவைச் சேர்த்தால் பதினொன்று.

கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் சூப்பர்வைசர். நொடிக்கொரு தரம் தலை வாரிக்கொள்வார். சைகைக்காரர்கள் யாரையும் எழுத்துக்கூட்டிப் பெயர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள். விரல்களால் தலையைக் கோதிக் காட்டினால் இவர். ஆக அவர் பெயர் சீப்பு. மணிக்கட்டைத் தட்டினால் மேலாளர், கடிகாரம். கன்னத்தில் விரல் வைத்தால் வெளியே வரிசையின் கடைசியில் நிற்கும் துப்புரவுக்காரி, மச்சம்.

"நான் ஒன்னு முதல்லயே சொல்லிடுறேன்மா," என்றார் அதிகாரி. "உங்கப்பா என்ன சொன்னாலும், யார்கிட்டச் சொன்னாலும், அதை அப்படியே எனக்குச் சொல்லணும். இந்த ரூம்ல யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே அவருக்குக் காட்டணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. முடியுமா?"

"முடியும் மேடம்."

"மகளையே வச்சு விசாரிக்கறது முறையில்லதான். வேற ஆள் கேட்டு எழுதினேன், யாரும் கிடைக்கலன்னு பதில் வந்துச்சு. சரி, ஆரம்பிக்கலாம்."

விசாரணைக்குக் காரணமான விபத்து மூன்று நாளைக்கு முன் நடந்தது. ஓர் ஆள் நின்றுகொண்டு வேலை பார்க்கும் அளவுக்குப் பெரிய சலவை உருளை ஒன்று பழுதாகி, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மெக்கானிக் அதற்குள் இறங்கியிருந்தார். அப்போது யாரோ நீராவியைத் திறந்துவிட்டார்கள். பாதி உடம்பு வெந்துபோய் அவர் இன்னும் நினைவு திரும்பாமல் மருத்துவமனையில் கிடந்தார். திறந்தது அப்பாதான் என்று மேசைமேல் கிடந்த காகிதம் சொல்லிற்று. 'பூட்டு இல்லாததாலும், உள்ளே ஆள் கத்தியது காதில் விழாததாலும் நீராவியைத் திறந்துவிட்டேன்.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

இதில் பூட்டு எங்கே வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நீராவிக் குழாயில் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு வால்வு இருக்கிறது. உருளைக்குள் இறங்குகிற ஆள் முதலில் அந்தச் சக்கரத்தை மூடி, அதன் வழியாகச் சங்கிலி கோத்து, தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். ஆளுக்கொரு பூட்டு, பூட்டின்மேல் எண். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, அது அந்த ஆளின் கழுத்தில். மாற்றுச் சாவி மேலாளரிடம்கூடக் கிடையாது. இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை கடவுளே வந்தாலும் சக்கரம் சுற்றாது. ரொம்ப எளிமையான ஏற்பாடு. ஆனால் காது கேட்கிறவர்களுக்கு அதைச் செய்யச் சோம்பல். "உள்ள ஆள் இருக்கு!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். பதினொரு பேருக்கும் அந்த வசதி இல்லை. அதனாலேயே அவர்கள் ஒரு நாளும் பூட்டை மறந்ததில்லை.

அப்பாவின் கைகள் பேசின. அவள் வாய் அதைச் சொல்லிற்று. மொழிபெயர்க்கும்போது 'நான்' என்றால் அது அப்பாதான். அதுதான் வழக்கம்.

"நான் அந்த வழியா நடந்து போனேன். போறப்ப உருளை மேல கை வச்சுப் பார்த்தேன். எங்களுக்கு அது பழக்கம், கையாலதான் கேட்போம். உள்ள சுத்தியல் தட்டுற அதிர்வு இருந்துச்சு. சங்கிலியப் பார்த்தேன், பூட்டு இல்ல. புது ஆள், தெரியாம இறங்கிட்டார்னு என் பூட்டைப் போட்டேன். ஒன்பதாம் நம்பர். போட்டுட்டுச் சாப்பிடப் போனேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"சொல்லல. பூட்டு இருந்தா யாரும் தொட மாட்டாங்கன்னு நம்பிட்டேன். அது என் தப்பு."

"பூட்டுப் போட்டாராம்!" சீப்பு சிரித்தார். "அப்ப எங்க அந்தப் பூட்டு? கால் முளைச்சு நடந்து போயிடுச்சா? மூணு நாளா ஆலையையே சலிச்சாச்சு. ஊமைங்கள வேலைக்கு வைக்காதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே."

இதையும் காட்ட வேண்டும். ஊமை என்ற சொல்லை அப்பாவுக்குத் தன் கையாலேயே காட்டினாள். அவர் முகம் மாறவில்லை.

மேலாளர் காகிதத்தை அப்பா பக்கம் நகர்த்தினார். "பெரியவருக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. இதுல கையெழுத்துப் போட்டா இது ஒரு ஆளோட கவனக்குறைவு. அவரோட போயிடும். போடலைன்னா காது கேட்காதவங்களாலேயே ஆபத்துன்னு தலைமை அலுவலகம் முடிவு பண்ணும். வெளிய நிக்கற பத்துப் பேரும் நாளைக்கு வர வேண்டியதில்ல."

"சார், இது மிரட்டல்," என்றார் அதிகாரி.

"நிலவரத்தச் சொல்றேன் மேடம்."

அவள் காட்டி முடிப்பதற்குள் அப்பாவின் கை பேனாவை எடுத்துவிட்டது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். போலீஸ் நிலையம், சிறை, அங்கே அவர் சைகை யாருக்குப் புரியும், தண்ணீர் கேட்டால்கூட யார் கொடுப்பார்கள்? ஒன்றன்மேல் ஒன்றாக மண்டைக்குள் ஓடிற்று.

"போடாதீங்கப்பா," என்றன அவள் விரல்கள்.

"பத்துக் குடும்பம்மா," என்றன அவருடையவை.

"என்ன சொல்றார்?"

"எனக்குப் பயமா இருக்குன்னு…"

"யாருக்கு? அவருக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும் மேடம்."

அந்த நேரத்தில்தான் அப்பாவின் பார்வை அதிகாரியின் தோளைத் தாண்டிப் போனது. அவளும் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால், வரிசையின் கோடியில், மச்சத்தின் கைகள் மார்புக்கு முன்னே சின்னதாக அசைந்துகொண்டிருந்தன. குசுகுசுப்பதென்றால் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கண்ணாடி சத்தத்தைத்தான் தடுக்கும், சைகையை அல்ல. மேலாளருக்கும் அதிகாரிக்கும் முதுகு அந்தப் பக்கம். சீப்பின் கண் அப்பாவின் மேல்.

"அண்ணே, பூட்டு என்கிட்ட இருக்கு. அன்னைக்கே குப்பைத்தொட்டில கிடந்துச்சு. வெட்டியிருக்காங்க. என் பையில வச்சிருக்கேன். பயமா இருக்குண்ணே. சீப்பு என்னையே சுத்திச் சுத்தி வர்றான்."

அப்பா பேனாவைக் கீழே வைக்கிற சாக்கில் பதில் சொன்னார். "வெளிய எடுக்காத. உனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க." பிறகு, தலையைத் திருப்பாமல், மகளிடம், "நீ இதைச் சொல்லாத."

அதிகாரியின் பேனா நின்றது. "இப்ப என்னமோ சொன்னாரே. யார்கிட்டச் சொன்னார்?"

சொன்னால் மச்சம் மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் அப்பா. பொய் சொன்னால் இனி இந்த அறையில் அவள் சொல்கிற எதற்கும் மதிப்பிருக்காது, அப்பாவின் 'நான்' உட்பட. சீப்பு கதவிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். அவர் தலையில் பூசியிருந்த எண்ணெயின் வாசனை அவளுக்கு அடித்தது.

"வெளிய இருக்கறவங்கள்ல ஒருத்தர்கிட்ட அந்தப் பூட்டு இருக்கு மேடம். வெட்டின பூட்டு. யாருன்னு சொல்லாதன்னு அப்பா சொல்லிட்டார். அவர் சொன்னதையும் சொல்லிட்டேன். யாருன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

சீப்பு கதவைத் திறந்தார். "இருங்க மேடம், நானே தேடி எடுத்துட்டு வர்றேன்."

"நில்லுங்க! நீங்க போகக் கூடாது!"

அவர் போய்விட்டார். மூன்று நாளாகச் சந்தேகப்பட்டுச் சுற்றிவந்த மச்சத்தை நோக்கி நேராக நடந்தார்.

அப்பாவின் பக்கத்திலிருந்து அவள் எழுந்தேவிட்டாள். தொடைக்கடியில் வைத்திருந்தும் கை பனிக்கட்டியாகத்தான் இருந்தது. இரண்டே சைகை. கண்ணாடியைப் பார்த்துக் கையைத் தூக்கிப் பெரிதாகப் போட்டாள். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவதென்றால் அவர்களுக்கு அதுதான்.

"சீப்பு வர்றான். கை மாத்துங்க."

கை மாற்றுவது அவர்களுக்குப் பொழுது விடிந்தால் செய்கிற வேலை. ஒரு விரிப்பை ஒருவர் விரிப்பார், அடுத்தவர் பாதியாக்குவார், மூன்றாமவர் கால் பங்காக்குவார். நிமிர்ந்து பார்க்காமலே அது பத்துக் கை தாண்டிக் கடைசி அடுக்குக்குப் போய்விடும். சீப்பு பாதித் தூரம் வருவதற்குள் மச்சம் குனிந்து நிமிர்ந்தாள். ஒரு வெள்ளை விரிப்பு மேசைமேல் நகரத் தொடங்கிற்று. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. யாரும் தலை தூக்கவில்லை, யாரும் வேகம் கூட்டவில்லை.

சீப்பு மச்சத்தின் பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா உருண்டது. ஒரு குடை, பஸ் சீட்டுகள், குழந்தையின் ஒற்றைக் காலுறை. அவர் பையை உதறு உதறு என்று உதறினார். அவர் முதுகுக்குப் பின்னால் விரிப்பு ஆறாவது கையில் இருந்தது. அவர் திரும்பினார். ஏழு. வரிசையைப் பார்த்தார். எட்டு. கூடத்தில் எல்லாமே வெள்ளை விரிப்புகள், எல்லாமே நகர்ந்துகொண்டிருந்தன. எதைப் பிடிப்பார்?

கண்ணாடியின் அடியில், சம்பளச் சீட்டு வாங்குவதற்காக வெட்டிய ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் வழியாக ஒரு விரிப்பு உள்ளே வந்து விழுந்தது. விரிப்பு விழுந்தால் இவ்வளவு கனமாகச் சத்தம் வராது. அதிகாரியே எழுந்து போய் எடுத்தார்.

மடிப்பைப் பிரித்ததும் பூட்டு. மேலே ஒன்பது என்ற எண். சங்கிலியில் மாட்டும் வளைவைக் காணோம். வளைவை வெட்டியெடுத்த இடத்தில் இரண்டு குட்டைக் கம்பிகள் மட்டும் உடைந்த பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

"யார் கொடுத்தது?" என்று மேலாளர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். பத்துப் பேரும் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அதிகாரியின் முன் வைத்தார். அதிகாரி பூட்டை அவர் கையிலேயே கொடுத்தார். அவர் சாவியைச் செருகித் திருப்பினார். பூட்டின் வயிற்றுக்குள் ஒரு வில் இருக்கிறது. சரியான சாவி திரும்பும்வரை அது அமுங்கியே கிடக்கும். டக்கென்று ஒரு குட்டைக் கம்பி மேலே துள்ளிற்று. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அப்பாவுக்கு அது உள்ளங்கையில் தெரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவரோட பூட்டுதான்," என்றார் அதிகாரி. "கழுத்துல சாவி வச்சிருக்கிற மனுஷன் எதுக்குத் தன் பூட்டையே வெட்டணும்? நீராவி திறக்கற அவசரத்துல வேற யாரோதான் வெட்டியிருக்கணும். இந்த ஆலையில இரும்பு வெட்டுற கருவி யார் பொறுப்புல இருக்கு சார்?"

மேலாளரின் பார்வை, திரும்பி வந்து கதவில் நின்ற சீப்பின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போய்த் திரும்பிற்று. அதிகாரி அந்தக் காகிதத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். எழுதத் தொடங்கியவர் தலை குனிந்திருந்தது.

சீப்பு மெல்ல நடந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்தார். குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"இந்த மேடம் எத்தனை நாளைக்குக் கூட இருப்பாங்க பாப்பா? உங்க ஆளுங்க தினமும் இங்கதானே வரணும். உருளைக்குள்ள தினமும் யாராவது இறங்கணும்ல."

அந்த அறையில் அதைக் கேட்ட காது அவளுடையது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அப்பா பக்கத்தில் இருக்கிறார், இன்றைக்கு அது போதாதா? அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். என்ன சொன்னான்?

அவள் நாற்காலியை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி, கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்களுக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். மேசைமேல் கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள். சூடு வரவில்லை.

"மேடம்," என்றாள். "இப்ப இவர் ஒன்னு சொன்னார். அப்படியே சொல்றேன், எழுதிக்கோங்க."

வாய் பேசப் பேச, கைகளும் பேசத் தொடங்கின. கண்ணாடிக்கு அப்பால் மடிப்பு நின்றது.