மூன்றாவது வாரத்துச் சாவு

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மதியம் அமெரிக்காவின் டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஆறு பேர் கூடியிருந்தார்கள். நவம்பர் முதல் தேதி தொடங்கி முப்பது நாளில் ஐம்பதாயிரம் வார்த்தைக்கு ஒரு நாவல் எழுதுவது என்று வருஷா வருஷம் தங்களுக்குத் தாங்களே சூனியம் வைத்துக்கொள்கிற கூட்டம் அது. முதல் தேதிக்கு முன்னால் நாவலில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. அட்டைகளில் குறிப்பு எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மூன்றாவது வாரத்தில் எல்லோருடைய கதையும் படுத்துவிடும். யாரையாவது சாகடித்தால்தான் எழுந்து ஓடும். அதனால் யாரைக் கொல்வது என்பதை முன்கூட்டியே வட்டமாக உட்கார்ந்து சொல்லிவிடுவார்கள்.

"என் ஆளு பல் டாக்டர். லிஃப்ட்டுல சாகறான்," என்றாள் கொரீன், டோனட்டை மென்றுகொண்டே.

"போன வருஷமும் பல் டாக்டர்தானே? அந்தாளு மேல உனக்கு என்னடி கோவம்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"என் வாயப் பார்த்தா நீயே கொன்னுடுவ."

சிரிப்பு அடங்கியபோது முறை மார்லிஸுடையது. எல்லோரும் காபியைப் பார்த்தார்கள்.

"ஹாலிஸ், நீங்க சொல்லுங்க," என்றாள் கொரீன் அவசரமாக.

பன்னிரண்டு வருஷமாகக் கூட்டத்தை நடத்துகிறவள் மார்லிஸ். ஆகஸ்டில் அவள் கணவர் ஆர்விட் ஆணி வாங்கப் போய், கடை வாசலிலேயே விழுந்து செத்துப்போனார். அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. அக்கம்பக்கத்தார் கொடுத்ததைச் சூடுகூடப் பண்ணாமல் நின்றபடியே தின்றாள். வேண்டும் என்று தோன்றியது இந்த நவம்பர் ஒன்றுதான். இப்போது தன்னைத் தாண்டிப் போனார்களே, அதுகூட வலிக்கவில்லை.

பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற ஹாலிஸ் கூட்டத்துக்குப் புதுசு. "இவங்க முறைதானே? சொல்லட்டும்," என்றார். கொரீன் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

"விடு கொரீன். நான் யாரையும் கொல்லல," என்றாள் மார்லிஸ். "ஆணி வாங்கப் போனவர், வாங்கிட்டு வீட்டுக்கு வர்றார். அதான் ஆரம்பம்."

"அப்புறம்?"

"கதவ சரி பண்றார். ஒம்பதாம் தேதி இலை பெருக்கறார். பதினேழாம் தேதி பனி விழுது, தொப்பி எங்கன்னு என்னைக் கேக்கறார். மாசக் கடைசியில நன்றித் திருநாள் விருந்துக்கு வான்கோழிய கருக்கறார், நான் திட்டறேன். முப்பது நாளும் இப்படித்தான்."

கடைச் சாமான் சீட்டு வாசிப்பதுபோலச் சொன்னாள். கொரீன் மூக்கைச் சிந்தினாள். மார்லிஸ் அவளிடம் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

ஹாலிஸ் தாடையைத் தேய்த்தார். எழுதுகிறவனுடைய சந்தேகம், வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "தப்பா நினைக்காதீங்க. முப்பதாம் தேதி முடிச்சாகணும்ல? கடைசி வரியில அவரை எங்க விடுவீங்க?"

மார்லிஸ் அட்டைகளைப் புரட்டினாள். நாளுக்கு ஒன்றாக முப்பது அட்டை இருந்தது, அதற்கு மேல் இல்லை. கடைசி வரி எழுதினால் அவர் போய்விடுவார். இந்தத் தடவை அவள் கையாலேயே.

"தெரியலையே," என்றாள். "எங்க விடறது அவர?"

மார்லிஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள்.