நான்காம் கேள்விக்கு மூன்று வரைவுகள்

1

வந்திருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால், சன்னலுக்கு முதுகு காட்டி, பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியை. அவருக்கு நேர் எதிரே, மாணவி. அவளுக்கு இடப்பக்கம், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்தபடி, அவள் அம்மா. ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் வேலை. கதவருகே நாற்காலி நுனியில், சீருடையோடு, அம்மாவின் தம்பி, பேருந்து ஓட்டுநர். கோப்பு அலமாரியை ஒட்டி, குறிப்பெடுக்க, நான்.

இந்தக் கதை அந்தக் குறிப்பிலிருந்து வந்தது. பள்ளி அலுவலகத்தில் கடிதங்கள் எழுதுவது என் வேலை. மாதாமாதம் குடும்பங்களுக்குப் போகும் செய்தி மடலும், கல்லூரிகளுக்குப் போகும் பரிந்துரைக் கடிதங்களின் வரைவும் என் கையில்தான் உருவாகும்; கையெழுத்து மட்டும் ஆசிரியர்களுடையது. நான் படித்தது ஒரு சிற்றூர்ப் பள்ளியில். அங்கே கடிதம் என்றால் அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வரிசை மாறக் கூடாது. இன்றும் எனக்கு அப்படித் தொடங்கினால்தான் கை ஓடும். எனவே:

அனுப்புநர்: நான்.
பெறுநர்: நீங்கள்.
பொருள்: ஒரு மாணவியைப் பற்றிய கடிதத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது.

2

முதலில் இப்படித்தான் தொடங்கியிருந்தேன்:

"அன்று காலை அவள் பள்ளிக்குக் கிளம்பியபோது, உள்ளறையில் அவளுடைய—"

இங்கே நிறுத்திவிட்டேன். அந்த வாக்கியத்தை முடித்தால் கதை தானாகவே ஓடும். நீங்களும் உச்சுக் கொட்டிக்கொண்டே பின்னால் வருவீர்கள். ஆனால் முடிக்க எனக்கு அனுமதி இல்லை. போன வருடம் அந்த வீட்டில் ஒன்று நடந்தது. பெரியது. அதைப் பற்றி இந்தக் கதையில் கிடைக்கப்போவது இவ்வளவுதான், கடைசி வரியிலும் கூட. ஏமாற்றமாக இருந்தால் இப்போதே மூடி வைத்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

3

செய்தி மடலைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கூட்டம் புரியாது.

மடலின் கடைசிப் பக்கம் 'கல்லூரிக்குத் திட்டமிடுவோம்'. விண்ணப்பத்தின் கடைசி நாள், தேர்வு அட்டவணை, எந்தக் கல்லூரி என்ன கேட்கிறது என்ற விவரம், கடைசியில் வழிகாட்டி ஆசிரியையின் ஓர் அறிவுரை. அந்தப் பருவத்தின் அறிவுரை இது: "கடந்து வந்த துன்பத்தைத் தயங்காமல் எழுதுங்கள். படிப்பவர் நெஞ்சில் தைப்பது அதுதான்." தட்டச்சு செய்தபோது எனக்கும் நல்ல அறிவுரையாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் வந்து குவிந்த கட்டுரைகளில் வீட்டுக்கு வீடு இழவு. தன்னைத் தூக்கி வளர்த்த தாத்தாவின் மரணத்தை ஒரு பையன் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தான். படித்த ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விண்ணப்பத்தில் பாதுகாவலர் கையெழுத்துப் போட அந்தத் தாத்தாவே நேரில் வந்தார். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.*

சொல்ல உண்மையாகவே ஒன்று இருந்த மாணவி மட்டும் அதை எழுதவில்லை. அவள் விண்ணப்பித்திருந்த பொறியியல் கல்லூரி அனுப்பிய பரிந்துரைப் படிவத்தில் நான்காம் கேள்வி: "மாணவர் எதிர்கொண்ட ஒரு பெரும் இடரையும் அதைக் கையாண்ட விதத்தையும் விவரிக்கவும்." அங்கே கட்டணமில்லாத இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் அம்மாவோடு சலவைப் பிரிவு. கூட்டம் கூடியது அதற்காகத்தான்.

* தாத்தாவிடம் கட்டுரையைக் காட்டினோமா என்று கேட்பீர்கள். காட்டினோம். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

4

குறிப்பில் உள்ளபடி.

"நடந்தத அப்படியே எழுதினா போதும்," என்றார் வழிகாட்டி ஆசிரியை. "ஒரு வார்த்தை கூட்ட வேணாம். ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் படிக்கிறாங்க தெரியுமா? மனசு நின்னாதான் அங்க கண்ணு நிக்கும்."

"வேணாம் மேடம்," என்றாள் மாணவி.

"ஏம்மா?"

"அது என் மார்க் இல்லையே."

மாமா கதவருகேயிருந்து செருமினார். "ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்லியாச்சு. மேல் முறையீடு கிடையாது." வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். "ஏன்டா, பஸ்ல கூட்டம் இருந்தா எந்தக் கதவு திறந்திருக்கோ அதுல ஏறுவியா, எனக்கு முன் கதவுதான் வேணும்னு நிப்பியா?"

"ஏறிடலாம் மாமா. ஏறினப்புறம் நாலு வருஷம் அந்தக் கதையோட பொண்ணாத்தான் அங்க உட்காரணும். வர்ற வாத்தியார் எல்லாம் முதல்ல என் மூஞ்சியப் பாப்பாங்க, அப்புறம்தான் என் கணக்கப் பாப்பாங்க."

"அப்ப நாலாம் கேள்விக்கு என்ன எழுதுறது?" என்றார் ஆசிரியை.

"பாலம் உடைஞ்சத எழுதுங்க."

போன வருடம் பள்ளியில் ஐஸ் குச்சிப் பாலம் கட்டும் போட்டி நடந்தது. பாலத்தின் நடுவில் செங்கல்லைத் தொங்கவிட்டு, எது அதிகம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். இவளுடையது முதல் செங்கல்லிலேயே போய்விட்டது.

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "பாலம் கட்டற படிப்புக்கு, நான் கட்டின பாலம் விழுந்துடுச்சுன்னு சொல்லியா சீட்டு கேப்பே? எனக்கு கியர் போடத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்து நான் லைசென்ஸ் வாங்கின மாதிரி இருக்கு!"

யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. அம்மா அதுவரை பேசியிருக்கவில்லை. மகளைப் பார்க்காமல், மேசை விளிம்பைப் பார்த்தபடி பேசினார்.

"எனக்கு யாரும் எதுவும் குடுத்ததில்லடி. அது நடந்ததுக்கு ஈடா உலகத்துல எதுவுமே இல்லன்னு எனக்கும் தெரியும். ஒரு சீட்டாவது கிடைக்கட்டுமேன்னு கேக்கறேன். அவ்வளவும் சும்மா போயிடக் கூடாதுன்னு கேக்கறேன். இது தப்பா?"

 குறிப்பில், மாணவியின் பதில் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கோடு இழுத்திருக்கிறேன்.

5

இந்த இடத்தில் பாத்திரங்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது.

முந்தைய பிரதியில் வழிகாட்டி ஆசிரியையைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். படிக்கச் சுவையாக இருந்தது, உண்மையாக இல்லை. போன பருவத்தில், கெட்டிக்கார மாணவன் ஒருவனின் கடிதத்தை "ஒழுக்கமானவன், உழைப்பாளி" என்று மட்டும் எழுதி அனுப்பி, இடம் கிடைக்காமல் போனதை இன்னும் மறக்காதவர் அவர். மாமாவையும் வெறும் சிரிப்புக்காரராக விட முடியாது. அன்று வேலைமுறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கிளம்பும்போது என்னிடம் தணிந்த குரலில், "சார், எப்படியாவது பாத்து எழுதுங்க. அக்காவும் இவளும் வீட்டுல பேசிக்கறதில்ல," என்றார்.

மாணவி? நான் எழுத எழுத அவள் பெரியவர்களைவிடத் தெளிவானவளாக ஆகிக்கொண்டே போகிறாள். கதை எழுதுபவர்களுக்கு இந்த வியாதி உண்டு. எனவே இதையும் போட்டுவிடுகிறேன்: அம்மா பேசி முடித்த பிறகு அவள் நகத்தைக் கடித்தாள். தோல் பிய்ந்தது. அதைக் கைக்குட்டையில் மறைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதிட்டு வாங்க. அம்மா எதுக்குச் சரின்னு சொல்றாங்களோ, அதுல நான் கையெழுத்துப் போடறேன்."

6

முதல் வரைவு: நடந்தது முழுவதும். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். அதில் அந்தப் பெண்ணே இல்லை. நடந்தது இருந்தது, அதற்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டாம் வரைவு: "குடும்பத்தில் நேர்ந்த ஒரு துயரத்தையும் பொருட்படுத்தாது..." இதுதான் படுமோசம். சொல்லவும் இல்லை, சொல்லாமலும் இல்லை. பிச்சைத் தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பிடிப்பது போல. கிழித்துவிட்டேன்.

மூன்றாம் வரைவுக்கு ஆய்வுக்கூடம் போனேன். இயற்பியல் ஆசிரியர் உடைந்த பாலத்தை அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். மற்ற பிள்ளைகள் தங்களுடையதைக் குப்பையில் போட்டுவிட்டுப் போக, இவள் மட்டும் உட்கார்ந்து குச்சிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, எது முதலில் முறிந்தது என்று ஓர் அறிக்கை தயாரித்திருந்தாள். அதன் கடைசி வரிகள்: "பசை விடவில்லை. நடுத்தாங்கியை அழகுக்காக மெலிதாக்கினேன். தவறு என்னுடையது."

"ஜெயிச்ச பாலம் ஏன் நின்னுதுன்னு கட்டினவனுக்கே தெரியாது," என்றார் இயற்பியல் ஆசிரியர். "இவளுக்கு இது ஏன் விழுந்ததுன்னு தெரியும்."

அதை அப்படியே எழுதினேன். என் வழக்கப்படி, போட்டி நடந்த தேதியையும் போட்டேன்.

(முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன் என்று சொல்லிவிட வேண்டும். ஒன்றில் இடம் கிடைக்கிறது. பாலத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் கைப்பட எழுதி அனுப்புகிறார். இனிப்பு அதிகம். இன்னொன்றில் கிடைப்பதில்லை; அம்மா மகளைப் பார்த்து, "சொன்னேனே" என்கிறார். அதை எழுதியபோது கை கூசியது. மூன்றாவதில் காத்திருப்போர் பட்டியல். அது முடிவே அல்ல. முடிவெடுக்க எனக்குத் துணிவில்லை என்பதற்கு அடையாளம். மூன்றையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். விருப்பப்பட்டதை வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது கீழே இருப்பது மட்டுமே.)

7

மறுநாள் காலை அம்மா அலுவலகத்துக்குத் தனியாக வந்தார். முதல் வரைவையும் மூன்றாவதையும் அவர் முன்னால் வைத்தேன். முதலாவதைத் தொட்டார், எடுக்கவில்லை.

"அதுல இருக்கறது எனக்குத் தெரியும் சார்."

மூன்றாவதை எடுத்துப் படித்தார். சலவை நீரில் ஊறி வெளுத்த விரல் ஒவ்வொரு வரியின் அடியிலும் நகர்ந்தது. பாதியில் நின்றது.

"இது... இந்தத் தேதி சரியா?"

"சரிதாம்மா. இயற்பியல் சார்கிட்டயும் கேட்டுட்டேன்."

"அது நடந்த வாரமா?"

  அவர் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

"அன்னைக்கு வந்துட்டு நேரா போய்ப் படுத்துட்டா. எங்கடி போனேன்னு நான் கேக்கல. வீட்டுல யாருமே யாரையும் எதுவும் கேக்கல." விரல் மீண்டும் தேதிக்கு வந்தது. "இங்க உக்காந்து குச்சி பொறுக்கிட்டு இருந்திருக்கா."

"தேதி வேணாம்னா எடுத்துடலாம்மா. அது இல்லாமலும் கடிதம் நிக்கும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தாளை மேசையில் வைத்து, ஓரங்களை இழுத்து நேராக்கினார், துணியை மடிப்பதற்கு முன் செய்வது போல.

"பாலம் உடைஞ்ச தேதிதானே சார் அது. இருக்கட்டும்."

வழிகாட்டி ஆசிரியை வந்து கையெழுத்துப் போட்டார். போடும் முன் முதல் வரைவை ஒருமுறை பார்த்தார். "இது இல்லாம அனுப்பறதுல எனக்கு இன்னும் பயம் இருக்கு," என்றார். "இருந்துட்டுப் போகட்டும்."

முதல் வரைவை அம்மா வாங்கி, நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாவதை நான் உறையிலிட்டேன். பெறுநர் முகவரியைச் சரிபார்த்தேன். மடிப்பில் பசை தடவி, அழுத்தி, காயும்வரை உள்ளங்கையை எடுக்காமல் வைத்திருந்தேன். ஒட்டிய இடத்தின் குறுக்கே ஆசிரியை இன்னொரு கையெழுத்துப் போட்டார். பள்ளி முத்திரை அதன் மேல் விழுந்தது. தபால்காரர் வாசலில் மணியடித்தார். அம்மாவே எழுந்துபோய்க் கொடுத்தார்.