துருவத் தீவும் ஏழாம் நம்பர் மலையும்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டிலானி லயத்து வாசலில் பாயை விரித்து ஒரு தீவை வரைய உட்கார்ந்தாள். என் மகள். உயர்தர வகுப்பில் புவியியல் படிக்கிறாள். பூமியின் தென்கோடியில், பனிக்கட்டிக் கடலுக்கு நடுவே இருக்கிற தீவாம் அது. அவள் படத்தில் ஒரு வடை அளவுதான் இருந்தது. நடுவில் பனி மூடிய மலை, ஓரமெல்லாம் கறுப்புப் பாறை, தெற்கே கொஞ்சம் கூழாங்கல் கரை. மரம் கிடையாது, மனுஷன் கிடையாது. பறவையும் கடல்நாயும் மட்டும்தான். அந்த லட்சணத்துக்கு மூலைக்கு மூலை ஒரு பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்று தலைமுறையாக நாங்கள் குடியிருக்கிற, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான இந்த லயத்துக்கே ஒரு பெயர் கிடையாது.

"ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்குடி இத்தன பேரு?"

"கப்பல்ல போனவங்க வச்சதும்மா. மலைக்கு கேப்டனோட சம்சாரம் பேரு. இந்தக் கரைக்கு, படகு இழுக்கயில தண்ணியில போயிட்ட சமையல்காரன் பேரு."

"அங்க யாரு போயி அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடப் போறா?"

"யாரும் கூப்பிட வேணாம். படத்துல இருந்தா போதும்." பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நம்ம அப்பா பேரு எந்தப் படத்துல இருக்கு?"

பேச்சு இங்கேதான் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றாறில் என் வீட்டுக்காரர் ஏழாம் நம்பர் மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது குளவி கொட்டிச் செத்தார். தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலமும் எங்களுக்கு ஒரு மலை. அன்றிலிருந்து தோட்டமே அதற்கு அவர் பெயரை வைத்துவிட்டது. காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி வேலை பிரிக்கும்போது, "லோரன்ஸ் மலைக்கு இருவது பேரு" என்பார். மற்றவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. நான் குனிந்து கூடைக் கயிற்றைச் சரிசெய்வேன். அந்தப் பெயரை நான் சொல்வதில்லை. புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் எங்கள் பெண்களுக்கு இல்லை. கஹவத்தை வேதக் கோயிலில் செத்தவர் பூசைக்குப் பெயர் கேட்டால்கூட டிலானியைத்தான் சொல்ல விடுவேன். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் "மேல" என்பேன். "சூசையம்மா இன்னைக்கி வீட்டுக்காரர் மலையிலயா?" என்று கூடக் கொழுந்து எடுக்கிற பிரேமலதா கிண்டல் பண்ணுவாள். சிரித்துக்கொள்வேன். வேறென்ன செய்ய?

இப்போது புதிய கம்பெனி மலைக்கு மலை பலகை நடுகிறது. ஆபீஸ் படத்தில் வெறும் நம்பர்தான். பலகையிலும் அதுதான் வரும். இளசுகள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். டிலானியும் போவாள். பெரட்டில் கூப்பிட ஆளில்லாமல் போனால், அப்படி ஒரு மனிதர் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. மகள் மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம்.

செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பருக்குப் பலகை வந்தது. கூடவே சின்னத்துரையும் வந்தார், பெரியதுரைக்கு அடுத்த அதிகாரி. சிங்களப் பிள்ளை, நம் பேச்சைத் தட்டுத்தடுமாறிப் பேசும். கடைசித் தேயிலை நிரை என்னுடையது என்பதால் ரோட்டோரத்தில் நான்தான் அகப்பட்டேன்.

"அம்மே, இந்த மலைக்கி உங்க ஆளுங்க என்ன பேர் சொல்றது? நம்பர் கீழ அதையும் எழுதலாம்."

எனக்குப் பதிலாகச் சொல்லட்டும் என்று பிரேமலதாவைத் தேடினேன். அவள் எட்டாத உயரத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கங்காணி மறுபக்கம் போயிருந்தார்.

"கேட்டுச் சொல்றேனுங்க தொரை."

"நீங்க தெரியாதா? சரி, பரவால்ல."

பலகையில் ஏழு காய்ந்துகொண்டிருந்தது. எழுதுகிறவன் பெயின்ட் டப்பாவை மூடப் போனான்.

"பொறுங்க" என்றேன்.

கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து இறக்கினேன். கல்யாணப் பூசையில் சாமியார் சொல்லிக்கொடுக்க ஒரு தடவை சொன்னது. அதற்குப் பிறகு வாயில் வராத பெயர். உதடு அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது.

சின்னத்துரை காதைக் கொடுத்தார்.

"லோரன்ஸ்."

ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. மேல் நிரைகளில் கைகள் நின்றன. பிரேமலதா செடிகளுக்கு மேலாக எட்டி, யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்குப் பின்னால் இருந்த ரோட்டைப் பார்த்தாள்.