நாலு பன்னிரண்டுக்கு வந்த ஓடிபி

"இன்னைக்காச்சும் ஒழுங்கா பண்ணு தாயி. போன வாரம் நீ பண்ணுன கூத்துல எம்மக பக்கத்துல ஆளில்லாமப் பெத்தெடுத்துருக்கா."

தங்கலட்சுமி இதைச் சொன்னதும், பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் புருஷன் சங்கையா, சுவரில் ஒட்டியிருந்த ஆதார் திருத்தக் கட்டண நோட்டீஸை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் துர்காதேவி விமான டிக்கெட் போடுவதற்காகக் கையை நீட்டினாள். பாஸ்போர்ட்டை வாங்கி, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தரம் சரிபார்த்துத் தட்டினாள். முதலாளி காளீஸ்வரன் அவள் முதுகுக்குப் பின்னாலேயே காவலுக்கு நின்றார்.

"நான் பாத்துக்கிறேன் அண்ணாச்சி. கவலப்படாதீக" என்றார் சங்கையாவிடம்.

போன வாரத் தப்பு அந்தப் பிள்ளையுடையது இல்லை என்று சங்கையாவுக்குத் தெரியும். துர்காதேவிக்கும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமையும் இதே நேரம்தான் வந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகள் மாரீஸ்வரிக்கு நாள் நெருங்கிவிட்டது, வியாழக்கிழமை விமானத்துக்கே அத்தையை ஏற்றிவிடுங்கள் என்று மருமகன் அவசரப்படுத்தினார். ராகு காலம் முடிந்து நாலரைக்கு மேல் போவோம் என்றார் சங்கையா. "ஏரோப்பிளேனுக்கு ஏதுங்க ராகு காலம்?" என்று தங்கலட்சுமி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அவருக்கு மனசு ஒப்பவில்லை. போன வருஷம் மகளை ராகு காலத்தில்தான் சிங்கப்பூருக்கு அனுப்பினார். ஒரே மாதத்தில் கரு கலைந்தது. அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

நாலு பன்னிரண்டுக்கு அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. "ஓடிபி வந்துச்சாங்கய்யா?" என்று துர்காதேவி கேட்டாள். "வரலையே" என்றார். மறுபடி அனுப்பினாள், அதையும் வரவில்லை என்றார். சிக்னல் இல்லை என்று சொல்லி, வாசலுக்குப் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்துக் கூத்தும் ஆடினார். காட்டில் பாம்பைக் கண்டபோதுகூட அவருக்கு அப்படி வேர்த்ததில்லை. மணி நாலு முப்பத்தொன்று ஆனதும், நாலாவதாக வந்த ஓடிபியை ஓடிவந்து வாசித்தார். வங்கியில் பணம் போய்விட்டது. டிக்கெட் வரவில்லை. அந்த விமானக் கம்பெனியின் இணையப் பக்கம் நேரம் கடந்து மூடிக்கொண்டுவிட்டது.

ஏழு நாளைக்குள் பணம் திரும்பும் என்றாள் துர்காதேவி. மறுபடி டிக்கெட் போடக் கையில் பணம் வேண்டுமே. ஆடு விற்று, பருத்தி விற்றுச் சேர்த்தது அவ்வளவுதான். "நாசமாப் போற கை" என்று தங்கலட்சுமி மண்ணை வாரித் தூற்றாத குறையாக ஏசினாள். காளீஸ்வரன் அந்தப் பிள்ளைக்கு நாலு நாள் சம்பளத்தைப் பிடித்தார். சங்கையா குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வங்கிக்குப் புகார் அனுப்ப துர்காதேவி அவர் போனை வாங்கி மெசேஜ்களைத் திறந்தாள். நாலு ஓடிபியும் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் கீழும் மணியோடு. அவள் பார்த்தாள். அவரையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு பணம் பிடித்த மெசேஜை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனைக் கொடுத்துவிட்டாள். அவளுடைய அப்பா சங்கையாவின் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். அந்தப் பழைய பயமா, சொன்னாலும் தன் பேச்சு எடுபடாது என்று நினைத்தாளா, தெரியவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஒரு வாரமாக அந்தப் பார்வையோடுதான் அவர் சோறு தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி பிறந்தாள். "வலி வந்தப்ப ஒன்னயத்தாம்மா கூப்ட்டேன்" என்று மகள் போனில் அழுதாள். சங்கையா எழுந்து ஆட்டுக் கொட்டடிக்குப் போய் நின்றுகொண்டார். திங்கட்கிழமை பணம் திரும்ப ஏறியது.

இப்போது போன் அதிர்ந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூணே முக்கால், ராகு காலம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. துர்காதேவி இந்தத் தடவை ஓடிபி வந்ததா என்று கேட்கவில்லை. கைகளை விசைப்பலகையில் வைத்துக் காத்திருந்தாள். சங்கையா போனை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். அச்சு இயந்திரம் முனகி டிக்கெட்டைத் தள்ளியது.

"பாத்தீகளா, மொதலாளி பக்கத்துல நின்னா எப்படிச் சரியா வருது!" என்றாள் தங்கலட்சுமி.

துர்காதேவி தலையைக் குனிந்தபடி தாள்களை அடுக்கினாள்.

"இந்தா, கண்ணாடியப் போடு" என்றார் சங்கையா தங்கலட்சுமியிடம்.

"எதுக்கு?"

"போடு, சொல்றேன்." போன வார மெசேஜ்களைத் திறந்து போனை அவள் கையில் வைத்தார். "கீழ இருக்குற மணிய வாசி. இவுகளுக்கும் கேக்குற மாதிரி வாசி."

காளீஸ்வரன் கிட்டே வந்தார். தங்கலட்சுமி கண்ணாடியை மூக்கில் ஏற்றி, போனைத் தள்ளிப் பிடித்தாள்.

"நாலு பன்னெண்டு" என்று வாசித்தாள். "நாலு பதினாறு."

அவள் விரல் மூன்றாவது மெசேஜில் நின்றது. துர்காதேவி ஸ்டேப்ளரின் வாயில் டிக்கெட்டை வைத்தவள், அழுத்தாமல் அப்படியே பிடித்திருந்தாள்.