சூய் மேஸ்திரியின் முதுகு

பன்னிரண்டு யுவான் நாற்பது காசு. குயிலியன் கோ அக்காவுக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவுதான். போன குளிர்காலத்தில் அடுப்புக்கரி வாங்கக் கைமாற்றாக வாங்கியது. வாங்கும்போது கைக்குள் அடங்குகிற தொகையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வீடும் ஒரே மாடியில் எதிரெதிர் வாசல். தண்ணீர் பிடிக்கப் போனால் கோ அக்கா, குப்பை கொட்டப் போனால் கோ அக்கா. அந்த மனுஷி ஒரு நாளும் பணத்தைக் கேட்டதில்லை. "சாப்பிட்டியாடி?" என்று மட்டும் கேட்பாள். அதைக் கேட்டதுமே குயிலியனுக்குத் தின்ற சோறு தொண்டைக்குத் திரும்பி வரும்.

கோடை முடிந்து காலையில் மூச்சு புகையத் தொடங்கிய சமயம், கோ அக்காவே வழி சொன்னாள்.

"உன் கையில காசு நிக்காது, ஊசி நிக்கும். என் பொண்ணு யென்லிங்குக்குப் பாத்திருக்கிற பையன் நிலாத் திருநாளுக்கு முதல் தடவையா வீட்டுக்கு வர்றான். வெறுங்கையோட அனுப்ப முடியுமா? நூல் நான் தர்றேன், ஸ்வெட்டர் நீ பின்னு. கடன் கழிஞ்சிடும்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா நான் கடையில வாங்கணும். அப்போ என் பணம் எனக்கு வேணும். முழுசா, அன்னிக்கே."

குயிலியன் வீட்டில் அப்போது இருந்த காசு எல்லாம் முட்டைக்கோசுக்கு எடுத்து வைத்தது. வேறு காய் கிடைக்காத ஷென்யாங் நகரத்தில் முட்டைக்கோஸ் வாங்கி அடுக்காமல் குளிர்காலத்துக்குள் போகிறவன், நீச்சல் தெரியாமல் ஆற்றில் இறங்குகிறவனைப் போல. எந்த இடத்தில் முங்குவோம் என்றே தெரியாது. குயிலியன் ஒத்துக்கொண்டாள்.

அளவு எடுப்பதில்தான் முதல் சிக்கல். பையனுக்குத் தெரியக் கூடாது என்றாள் கோ அக்கா. "எவ்வளவு அகலம் இருப்பான்?" என்று குயிலியன் யென்லிங்கைக் கேட்டாள்.

அவள் யோசிக்காமல், "நான் ரெண்டு கையாலயும் சேர்த்துப் பிடிச்சா, இந்தக் கை விரல் அந்தக் கை முழங்கையைத் தொடும் சித்தி" என்று சொல்லிவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்ததும் வெளியே ஓடிப் போனாள். கோ அக்கா எறிந்த செருப்பு கதவில் பட்டது. குயிலியன் யென்லிங்கின் கையைச் சாணால் அளந்து கணக்குப் போட்டுக்கொண்டாள். நல்ல ஒல்லியான பையன்.

அந்த வருடம் கடைக்கு வந்த கம்பளி நூல் ஒரே நிறம், இலந்தைப்பழச் சிவப்பு. குயிலியன் வேலை பார்த்த இரும்பு வார்ப்படப் பட்டறைப் பெண்கள் அத்தனை பேரும் அதைத்தான் வாங்கியிருந்தார்கள். அதோடு விட்டதா? எவளோ ஒருத்தி கோதுமைக் கதிர் மாதிரி ஒரு பின்னல் போட்டுக் காட்ட, பத்து நாளில் அம்மை பரவியதுபோல் எல்லா ஊசியிலும் அதே கதிர்.

ஒவ்வொரு புதன்கிழமையும் வேலை முடிந்ததும் பட்டறையில் அரசியல் படிப்புக் கூட்டம். பிரிவுத் தலைவர் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பார். பெண்கள் குனிந்து பின்னுவார்கள். அவருக்கும் அது தெரியும். ஊசிச் சத்தம் நின்றால்தான் அவர் நிமிர்ந்து பார்ப்பார், தூங்கிவிட்டார்களோ என்று. குயிலியன் மட்டும் குனிய மாட்டாள். கண் ஊர்க்கதைக்கு, கை நூலுக்கு. பார்க்காமல் பின்னுவதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் புதன்கிழமை பாதிக் கூட்டத்தில் மின்சாரம் போனது. "கூட்டம் முடிஞ்சது" என்று இருட்டில் ஒரு குரல் சொன்னது. தலைவர் குரல் இல்லை, ஆனால் யாரும் விசாரிக்கவில்லை. பெஞ்சுகள் உருண்டன. ஆளாளுக்குத் தடவித் தடவிப் பையை எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். குயிலியன் பஸ்ஸில் பேசிக்கொண்டே பின்னினாள், மறுநாள் சோற்றுக்கு வரிசையில் நின்றபடி பின்னினாள். முன்பக்கமும் கைகளும் முன்பே முடித்து வீட்டில் இருந்தன. முதுகுப் பாகமும் முடிந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் ஓரங்களைச் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினாள். பரப்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முன்பக்கத்தை விட முதுகு இரண்டு சாண் அகலம்.

அவள் புருஷன் பல் தேய்த்தபடி எட்டிப் பார்த்தான். "மாப்பிள்ளை முதுகுல எதாச்சும் மூட்டை கட்டிட்டு வர்றானா?"

"வாயை மூடுங்க. இது என் பின்னல் இல்ல."

"யாரோடதா இருந்தாலும் இது மனுஷன் முதுகு இல்ல, கதவு."

கதவு என்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தப் பட்டறைப் பெண்களின் புருஷன்மாரில் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறவர் ஒருத்தர்தான், தொழிற்சாலைச் சமையற்கூடத்து சூய் மேஸ்திரி. அவர் மனைவி டூ அக்கா கூட்டத்தில் இவளுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். அன்றைக்கு இருட்டில் பை மாறிவிட்டது.

மத்தியானம் குயிலியன் தகரக் கிண்ணத்தோடு சமையற்கூடத்துக்குப் போனாள். அங்கே வரிசையில் ஒரே சிரிப்பு. சூய் மேஸ்திரி அகப்பையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை முன்னே தள்ளி, தோள் இரண்டையும் பின்னுக்கு இழுத்து, அணிவகுப்பில் நிற்கிற அதிகாரி மாதிரி நின்றார். இலந்தைச் சிவப்பு ஸ்வெட்டர். குனிந்து குழம்பு அள்ள முடியாமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்.

"தளபதி, எனக்கு ரெண்டு துண்டு கறி சேர்த்து உத்தரவு போடுங்க" என்றான் ஒருவன்.

"போடா, கிண்ணத்தைக் கவுத்திருவேன்."

குயிலியன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். "மேஸ்திரி, முதுகு இறுக்கமா இருக்கா?"

அவர் முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "நீயுமா தங்கச்சி? மூணு நாளா இதே பேச்சுதான். 'நான் சரியாத்தான் பின்னினேன், நீ ஊதிட்டே'ன்னு என் பொண்டாட்டி ராத்திரிச் சோத்தையே நிறுத்திட்டா. ஒரு ஆவி ரொட்டி, ரெண்டு ஊறுகாய்த் துண்டு. நான் சமையல்காரன்மா! ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டு நான் பட்டினி கிடக்கிறேன்."

"நீங்க ஊதலை மேஸ்திரி. உங்க முதுகுல இருக்கிறது வேற ஒருத்தன் முதுகு. உங்க முதுகு என்கிட்ட இருக்கு." பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினாள்.

சூய் மேஸ்திரி அந்த அகலத்தைக் கண் நிறையப் பார்த்தார். பிறகு அகப்பையை அண்டாவுக்குள் போட்டுவிட்டு, வரிசையையும் மறந்து உள்ளே திரும்பிக் கத்தினார். "ஏய்! நான் குண்டாகலைடி! கேட்டியா? பழைய அளவுதான்!"

மத்தியான இடைவேளையில் புருஷனுக்கு உதவியாகப் பின்கட்டில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த டூ அக்கா வந்து பார்த்தாள், தொட்டாள், ஒத்துக்கொண்டாள். "பழைய அளவே கொஞ்ச அளவா?" என்று கேட்கவும் மறக்கவில்லை. மேஸ்திரி மாவு மூட்டைகளுக்கு நடுவில் பனியனோடு உட்கார, இரண்டு பெண்களும் தையல் நூலைப் பிரித்து முதுகுகளை மாற்றிக்கொண்டார்கள்.

தன் பின்னலைக் கையில் வாங்கிய குயிலியன் மோந்து பார்த்தாள். வெங்காயத்தாளும் பன்றிக் கொழுப்பும் சோயாக் கூழும் வதங்கிய வாசனை மூன்று நாளில் இழை இழையாக ஏறியிருந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பளியைத் துவைத்தால் காய இரண்டு நாள் ஆகும். பையன் நாளைக்கு வருகிறான்.

பட்டறைத் தொட்டியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசினாள். மணல் அச்சுகளை உலர்த்தும் சூளையின் மேல்தட்டில், அதிகம் சூடு படாத மூலையில், காகிதம் விரித்துப் பரத்தினாள். சூளைக்காரக் கிழவன் அவளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல எந்தப் பாகத்தை வார்க்கப் போறே?"

"மாப்பிள்ளையை வார்க்கப் போறேன் தாத்தா. கருகிடாமப் பாத்துக்கோ."

அவன் வேலை முடியும்வரை சாமி சிலையைக் காப்பதுபோல் காத்து, மணிக்கொரு தடவை திருப்பிப் போட்டான். காய்ந்துவிட்டது, இழுபட்டிருந்த முதுகு பழைய அளவுக்கு வந்தும்விட்டது. வாசனை மட்டும் போகவில்லை.

மறுநாள் கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடிக்கும்போதே நடையில் பையனின் குரல் கேட்டது. குயிலியன் ஸ்வெட்டரை மடித்து எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குள் நுழைந்தாள்.

லுவான் என்கிற அந்தப் பையன், பழமும் நிலாப் பணியாரமும் கொண்டு வந்து வைத்துவிட்டு, மேசை ஓரத்தில் ஊன்றிய குச்சி மாதிரி உட்கார்ந்திருந்தான். கூச்சம். கோ அக்கா விடிகாலையில் எழுந்து, பன்றிக்கறியும் வெங்காயத்தாளும் வைத்துப் பிடித்த கொழுக்கட்டை அவன் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. "சாப்பிடுப்பா" என்றால் "சாப்பிட்டுத்தான் வந்தேன் அத்தை" என்றான். இரண்டு கொழுக்கட்டைக்குக்கூடவா வயிற்றில் இடமில்லை? முதல் தடவை வந்த மாப்பிள்ளை சாப்பிடாமல் போனால் வீடு பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கோ அக்காவின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"இதைப் போட்டுப் பாருப்பா" என்று குயிலியனிடமிருந்து ஸ்வெட்டரை வாங்கி அவன் கையில் திணித்தாள்.

போட்டுக்கொண்டான். அச்சில் ஊற்றினதுபோல் உட்கார்ந்தது. யென்லிங் வாயைப் பொத்திக்கொண்டாள். பையன் காலரை மூக்கருகே இழுத்து ஒரு தடவை மோந்தான், இன்னொரு தடவை மோந்தான். கோ அக்காவும் மோந்தாள். அவள் கண் குயிலியன் பக்கம் திரும்பியது. பன்னிரண்டு யுவான் நாற்பது காசு அந்தக் கண்ணில் எழுதியிருந்தது.

"நல்ல வாசனை அத்தை" என்றான் பையன் மெதுவாக. அவன் வயிறு அதைவிடச் சத்தமாக ஏதோ சொன்னது. அறையில் எல்லோருக்கும் கேட்டது. யென்லிங் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் அவனும் சிரித்துவிட்டான். "நிஜத்துல காலையில இருந்து எதுவும் சாப்பிடலை. பயத்துல இறங்கலை" என்று ஒத்துக்கொண்டு சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்தான்.

எடுத்தவன் கீழே வைக்கவில்லை. தட்டு காலியானது. கோ அக்கா அடுப்புக்கு ஓடி இன்னொரு தட்டு போட்டுக்கொண்டு வந்தாள், அதுவும் காலியானது. சொந்தக்காரர்களுக்கு வைத்திருந்ததையும் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு கொழுக்கட்டைக்கும் அவள் முகம் ஒரு சுற்று அகலமானது.

குயிலியன் நைசாகக் கதவுப் பக்கம் நகர்ந்தாள். கோ அக்கா நடைக்கு வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னடி பண்ணினே அந்த நூலை? கொழுக்கட்டை மாதிரி வாசம் வருது."

"அது பெரிய கதைக்கா."

"கதை அப்புறம் கேக்கறேன். அந்தப் பன்னிரண்டு நாப்பது தீர்ந்துபோச்சு. போ." மாவு அப்பிய கையால் குயிலியன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். நாலடி போனவளைத் திரும்பக் கூப்பிட்டாள். "ஏய், சாப்பிட்டியாடி?"

"இல்லக்கா" என்றாள் குயிலியன், வந்து உட்கார்ந்தாள்.